இலவசம் யாரையும் சோம்பேறி ஆக்கவில்லை

"இலவசம் குடுத்துக் குடுத்தே ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டானுங்க." தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் ஒரு வாரம் கழிவது அபூர்வம். டீக்கடை பெஞ்சில், கல்யாணப் பந்தி முடிந்து வெற்றிலை மடிக்கும் இடத்தில், காலை நடை முடித்துப் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்றவர்களிடையே, எங்கும் இது சொல்லப்படுகிறது. மறுப்பதற்கு ஆள் இருப்பதில்லை. கூடவே இன்னொன்றும் வரும்: "எல்லாம் நம்ம வரிப்பணம்." கட்சி வேறுபாடில்லாமல் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இலவசத்தை வாங்குகிறவர்களில் சிலரே சொல்கிறார்கள். இத்தனை பேர் சொல்வதாலேயே அது ஆராய்ந்து கண்ட முடிவுபோல உலாவருகிறது.

இரண்டுமே தவறு. முதலாவது, கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமல் சொல்வது. இரண்டாவது, அரசுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சொல்வது.

அரிசியிலிருந்து தொடங்க வேண்டும். குற்றச்சாட்டு முதலில் போய் விழுவது அதன் மேல்தான். 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. "மாசம் 20 கிலோ அரிசி சும்மா வருது, அப்புறம் எவன் வேலைக்கு வருவான்?" என்ற கேள்விக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 20 கிலோ என்றால் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ, நாளைக்கு 170 கிராம்கூட இல்லை. மண்வெட்டி பிடிப்பவருக்கு அது ஒரு வேளைச் சோறு. பருப்பு, எண்ணெய், புளி, கேஸ், வீட்டு வாடகை, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எதுவும் அந்தப் பையில் வருவதில்லை. கிலோ 50 ரூபாய் என்று வைத்தாலும் மொத்த மதிப்பு 1000 ரூபாய். வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று நாள் கூலி. மூன்று நாள் கூலி கையில் கிடைத்ததும் மீதி மாதம் முழுக்கப் படுத்துக் கிடக்கும் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது? பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் மகளிர் உரிமைத்தொகைக்கும் இதே கணக்குத்தான். 1000 ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளைக்கு 33 ரூபாய். அதை நம்பி யாரும் வேலையை விடவில்லை. விடவும் முடியாது.

ரேஷன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றால் இன்னொன்று தெரியும். கடைக்காரர் கைரேகைக் கருவியை நீட்டுகிறார். வயதான ஒரு பெண் கட்டைவிரலை வைக்கிறார், விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், விழவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்த கை. பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். "பேரனையாவது கூட்டிட்டு வாங்கம்மா" என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. முதியவர்களும் கூலித் தொழிலாளர்களும் இப்படித் திரும்பிப் போவது அடிக்கடி நடந்ததால்தான் கருவிழியைப் பதியும் கருவி தேவைப்பட்டது. சோம்பேறிகள் என்று ஊர் சொல்லும் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான்.

"அப்படின்னா வயலுக்கு ஏன் ஆள் கிடைக்கல?" இது நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேடி அலையும் விவசாயியின் கஷ்டம் உண்மையானது. ஆனால் அந்த ஆட்கள் வீட்டுத் திண்ணையில் இல்லை. திருப்பூரில் தைக்கிறார்கள். திண்டுக்கல், கோவை வட்டாரத்து ஸ்பின்னிங் மில்களில் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செய்யாறிலும் காலணி செய்கிறார்கள். ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செல்போன் பாகங்களைப் பொருத்துகிறார்கள். விடிவதற்கு முன்பே கிராமத்துக் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்பதை அந்த விவசாயியும் தினம் பார்க்கிறார். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. நாட்டிலேயே அதிகமாக இலவசம் கொடுத்த மாநிலம் என்று பெயர் வாங்கிய மாநிலத்தில்தான் இத்தனை பெண்கள் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார்கள். இலவசம் சோம்பேறி ஆக்கும் என்ற வாதம் இந்த ஒரு எண்ணைத் தாண்டி வர வேண்டும். இதுவரை வந்ததில்லை.

வயலுக்கு ஆள் வராததற்குக் காரணம் கூலி. பழைய கூலிக்கு, பழைய மரியாதைக்கு யாரும் வரத் தயாரில்லை. முன்பெல்லாம் வீட்டில் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதபோது, சொன்ன கூலிக்குத் தலையாட்டுவது தவிர வேறு வழி இருந்ததில்லை. நெல்லைக் கடனாகக் கொடுத்தவர் வயலிலேயே அறுப்புக்குப் போயாக வேண்டும். ரேஷன் அரிசி அந்த அவசரத்தைத் தணித்தது. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் அதோடு சேர்ந்துகொண்டது. கிளெமெண்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டங்களில் வேலை குறைவான பருவத்தில் கூலி சுமார் ஐந்து சதவீதம் உயர்ந்ததைக் கண்டார்கள். ஏழைக்குப் பேரம் பேசும் வலு வந்தது. நிலத்துக்காரருக்கு அது தொல்லையாக இருக்கலாம். ஏனென்றால் நெல்லுக்குக் கிடைக்கும் விலை கூடிய கூலிக்குக் கட்டுப்படியாவதில்லை. அந்தக் கோபம் கொள்முதல் விலையை நிர்ணயிப்பவர்கள் மேல் திரும்ப வேண்டியது. நடவுப் பெண்கள் மேல் திரும்புவது அநியாயம்.

மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று நூறு நாள் வேலையைப் பற்றிச் சொல்லாதவர் குறைவு. வேலையை ஒழுங்காகத் திட்டமிடாத ஊராட்சி பல உண்டு, அதைத் தட்டிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் நடுவயதைத் தாண்டியவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெயிலில் மண் வெட்டும் அறுபது வயதுக்காரர் நிழலில் பத்து நிமிடம் உட்காருவதைச் சோம்பல் என்று ஏசி அறையிலிருந்து சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

உலக அளவிலும் இது பரிசோதிக்கப்பட்ட விஷயம். 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் மூன்று சக ஆய்வாளர்களும் ஹோண்டுராஸ், இந்தோனேசியா, மொராக்கோ, மெக்சிகோ, நிகராகுவா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் தரவுகளை எடுத்து, உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்களா என்று பார்த்தார்கள். குறைத்துக்கொண்டதற்கு ஆதாரம் இல்லை. ஆணிடமும் இல்லை, பெண்ணிடமும் இல்லை.

இனி பஸ். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. உடனே ஒரு கேலிப் பேச்சு கிளம்பியது: வேலை வெட்டி இல்லாமல் சும்மா ஊர் சுற்றுகிறார்கள் என்று. அடுத்த ஆண்டு அமைச்சர் ஒருவரே மேடையில் "ஓசி" என்று சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானார். அதிகாலை ஐந்தரை மணிக்கு எந்த ஊர் டவுன் பஸ்ஸிலாவது ஏறிப் பார்த்தால் யார் ஊர் சுற்றுகிறார்கள் என்பது விளங்கும். பூக்கூடையை இன்ஜின் பக்கம் வைத்துவிட்டு நிற்பவர், மார்க்கெட்டில் கீரைக்கட்டு எடுக்கப் போகிறவர், தூக்குவாளியோடு சித்தாள் வேலைக்குப் போகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர், ஆஸ்பத்திரியில் துப்புரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர். கண்டக்டர் கொடுக்கும் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை அவர்கள் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். செக்கர் ஏறினால் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு வாங்க வேண்டும்.

மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. மிச்சமானதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முன்பு நடந்து போகும் தூரம்தான் எல்லை. இரண்டு பஸ் மாறிப் போய் 500 ரூபாய் கூடுதலாகத் தரும் வீட்டைப் பிடித்தால், அந்த 500 பஸ்ஸுக்கே போய்விடும். கட்டணம் நீங்கியதும் எல்லை விரிந்தது, கூலியில் பேரம் பேச இடம் வந்தது. சோம்பேறி ஆக்கும் என்றார்களே, அந்த இலவசம் இன்னும் தூரத்து வேலைக்கு ஆளை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சைக்கிளும் அப்படித்தான். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகியபோது தெருவில் நின்று கிண்டல் செய்தவர்கள் ஏராளம். 2001-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2006-ல் பிகாரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிளுக்குப் பணம் தந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை சுமார் 30 சதவீதம் உயர்ந்ததையும் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் சுருங்கியதையும் பதிவு செய்திருக்கிறார்கள். மிதிக்காமல் ஓடாத ஒரு பொருள் யாரைச் சோம்பேறியாக்கும்?

பழைய கதை இன்னும் கூர்மையானது. 1920-ல் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது செலவுதான் தடையாக நின்றது. சில ஆண்டுகளில் அது நின்றும் போனது. 1950-களில் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக முனைந்தபோது நிதிக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, ஓட்டுக்காகச் சோறு போடுகிறார், மாநிலம் திவாலாகிவிடும் என்றார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. திவாலாக்கும் என்று சொல்லப்பட்ட திட்டம் தேசத்தின் திட்டமானது.

அந்தச் சோறு எங்கே போனது என்பதற்கும் பதில் இருக்கிறது. 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் பின்னாளில் தாயானபோது அவர்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைந்திருப்பதைக் காட்டியது. தாய் பத்து வயதில் சாப்பிட்ட சாம்பார் சாதம் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது. இதைச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதி வைப்பது எந்தப் பொருளாதாரத்திலும் சேராது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது 2021-22-க்கான மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கணக்கு. பள்ளிக்கூடத்துச் சோறும் பஸ் பாஸும் சைக்கிளும் இல்லாமல் இந்த எண் வந்திருக்காது.

அடுத்தது வரிப்பணம். "நாங்க வரி கட்டுறோம், அவங்க அனுபவிக்கிறாங்க" என்பவர் மனதில் இருப்பது வருமான வரி. வருமான வரியை மாநில அரசு வசூலிப்பதில்லை. அது மத்திய அரசுக்குப் போகிறது. பங்கிடத்தக்க மத்திய வரிகளிலிருந்து மாநிலங்களுக்குப் போகும் தொகையில் தமிழ்நாட்டுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு ஒதுக்கியது 4.079 சதவீதம். பஸ்ஸுக்கும் உரிமைத்தொகைக்கும் ஆகும் பணத்தில் பெரும்பகுதி மாநிலத்தின் சொந்த வரியிலிருந்து வருகிறது: சரக்கு மற்றும் சேவை வரி, பெட்ரோல் டீசல் வரி, பத்திரப்பதிவு, வண்டி வரி, மது. இதில் கூலிக்காரர் கட்டாத வரி எது? 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஐந்து சதவீதமாகக் குறையும்வரை குளியல் சோப்புக்கும் பல் பசைக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் வரி 18 சதவீதம். எட்டு வருஷம் ஒவ்வொரு சோப்பிலும் அந்தச் சித்தாள் கட்டியது வரி. அவர் வருமானத்தில் பெரும்பகுதி வாங்கித் தீர்ப்பதிலேயே போவதால், வருமானத்தோடு ஒப்பிட்டால் வசதியானவரைவிட அவர்தான் கூடுதலாகக் கட்டுகிறார்.

மதுவையும் பேசியாக வேண்டும். 2023-24-ல் டாஸ்மாக் விற்பனையால் மாநில அரசுக்கு வரியாக வந்தது 45,855 கோடி ரூபாய். அதற்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பெண்களின் பஸ் பயணத்துக்கு ஒதுக்கியது 3,050 கோடி, மகளிர் உரிமைத்தொகைக்கு 13,720 கோடி. இரண்டும் சேர்ந்து 16,770 கோடி. மதுக்கடை முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள். அந்தக் குடும்பங்களிலிருந்து இந்த வழியில் வெளியேறிய பணத்தில் பாதிகூட அந்த வீட்டுப் பெண்களுக்குத் திரும்பி வரவில்லை. இந்த வருமானத்தை யாரும் பெருமையாகச் சொல்லத் தேவையில்லை. அது இந்த மாநிலத்தின் அவமானம். ஆனால் யார் பணத்தில் யார் வாழ்கிறார்கள் என்று பேசத் தொடங்கினால் அந்த அவமானத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

வசதியானவர்களும் இலவசம் வாங்குகிறார்கள். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். குடிசைக்கும் உண்டு, மூன்று ஏசி ஓடும் பங்களாவுக்கும் உண்டு. வீட்டுக்கடன் வட்டியில் இரண்டு லட்சம் ரூபாய்வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளப் பழைய வரிமுறை இடம் தருகிறது. வீடு வாங்க முடிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உதவி அது. இதையெல்லாம் வாங்கிய எவரும் தான் சோம்பேறியாகிவிட்டதாக நினைக்கவில்லை. நினைக்கவும் வேண்டாம், உண்மையில் ஆகவில்லை. அதே நியாயத்தைப் பூக்காரருக்கும் கொடுத்தால் போதும்.

கம்பெனிகளுக்கு வந்தால் தொகைகள் வேறு உயரத்துக்குப் போகின்றன. 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். குஜராத்தின் சனந்தில் மைக்ரான் நிறுவனத்தின் சிப் ஆலைக்கு 2023-ல் போடப்பட்ட திட்டம் 275 கோடி டாலர். அதில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கைக் குஜராத் அரசும் தருகின்றன. ஆலைக்குச் சொந்தக்காரர் போடுவது 30 சதவீதம். நாட்டுக்கு அந்த ஆலை தேவை என்பது நல்ல வாதம்தான். அப்படியானால் வேலைக்குப் போகும் பெண்ணின் பஸ் கட்டணமும் பள்ளிப் பிள்ளைக்கு அரசு தரும் காலை உப்புமாவும் நாட்டுக்குத் தேவை என்ற வாதத்தையும் அதே காதால் கேட்க வேண்டும்.

இலவசத்தைப் பொதுமேடையில் கண்டித்தவர்கள் ஆட்சியில் செய்ததும் கண்ணுக்குத் தெரிகிறது. 2022 ஜூலையில் பிரதமர் உத்தரப் பிரதேசத்தில் பேசும்போது இலவசக் கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்றார். அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேசத்திலும் அதற்கு அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்திலும் அவர் கட்சி இடம்பெற்ற அரசுகள் பெண்களுக்கு மாதப் பணம் கொடுக்கத் தொடங்கின. மகாராஷ்டிரத்தில் தொகை 1500 ரூபாய்.

எல்லா இலவசமும் நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. 2006-க்குப் பிறகு கொடுத்த கலர் டிவியைப் பஸ்ஸோடும் சத்துணவோடும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடக் கழிப்பறை கட்டியிருக்கலாம். அதே பட்டியலில் 2011-க்குப் பிறகு வந்த மிக்ஸியையும் கிரைண்டரையும் சேர்த்துச் சிரிப்பவர்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளைக் கேட்டிருக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதில் நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அந்த 289-ல் அரை மணியைக் குறைக்கும் எந்தப் பொருளும் ஆடம்பரம் ஆகாது.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டது பணப் பட்டுவாடாவால். அது குற்றம். சட்டமன்றத்தில் பட்ஜெட் போட்டு, கட்சி பார்க்காமல் எல்லோருக்கும் தரும் திட்டம் வேறு. முதலாவதின் மேல் உள்ள அருவருப்பை இரண்டாவதின் மேல் கொட்டும்போது, கவரோடு வீடு வீடாகப் போனவர் தப்பித்துக்கொள்கிறார். கட்டணமில்லா பஸ்ஸில் ஏறிய பெண் பேச்சு வாங்குகிறார்.

இந்தத் திட்டங்களைத் திட்டுவதற்கு உண்மையான காரணம் வேண்டுமென்றால் நிறையக் கிடைக்கும். போக்குவரத்துக் கழகங்கள் கடனில் இருக்கின்றன. வயதான வண்டிகள் வழியில் நிற்கின்றன. கட்டணமில்லாமல் போகும் பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து நிறுத்தாமல் போகும் டிரைவர்களைப் பற்றிய புகார் ஓயவில்லை. மலைப்பகுதிகளுக்கு இந்தத் திட்டம் 2024-ல்தான் நீட்டிக்கப்பட்டது. புறநகர் பஸ்ஸும் தனியார் மினி பஸ்ஸும் மட்டுமே எட்டிப் பார்க்கும் கிராமத்துப் பெண், பக்கத்து ஊர்ப் பெண் காசில்லாமல் போகும் அதே தூரத்துக்கு இன்றும் டிக்கெட் எடுக்கிறார். மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வருகிறவருக்குப் பல ஊர்களில் டவுன் பஸ்ஸே கிடையாது. அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துத்தான் அவர் வீடு போய்ச் சேருகிறார்.